தண்டவாள ஓரத்துச் சுவர்

இத்திங்கள் நான் எழுதப் புகும் பொருளைக் கண்டவுடன் நம் சங்கத்துப் பெரியோர் சிலர் இதழை மடித்து வைத்துவிடக் கூடும். அங்ஙனம் செய்ய வேண்டா. வீட்டில் பத்து வயதைக் கடந்த ஆண்பிள்ளை உள்ளவர்களாவது இறுதிவரை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘இவையெல்லாம் பெண்பிள்ளைகளுக்கன்றோ சொல்லப்பட வேண்டியவை?’ என்று வினவுவோர்க்கும் இதனுள் விடை உண்டு.

சென்னையிலிருந்து புறப்பட்ட வண்டி வடநாட்டு நகரம் ஒன்றை நெருங்கும்போது வேகம் குறைகிறது. பெரியவர்கள் பெட்டிகளை இறக்குகிறார்கள். பிள்ளைகள் சன்னலருகே ஓடுகிறார்கள். அவ்வேளையில் இருப்புப் பாதையின் ஓரத்துச் சுவர்களில், வெள்ளைச் சுண்ணாம்பின்மேல் முழ உயர எழுத்துகளில், ‘குப்த ரோக்’, ‘மர்தானா கம்ஸோரி’, ‘ஷர்தியா இலாஜ்’ என்னும் சொற்கள் வரிசையாக ஓடும். மறைவான நோய், ஆண்மைக் குறைவு, உறுதியான சிகிச்சை என்பன அவற்றின் பொருள். கீழே ஒரு ஹகீமின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். நம்மில் பலருக்கு இந்தி எழுத்தைக் கூட்டிப் படிக்கவே ஓராண்டு ஆயிற்று. ஆகவே அச்சுவர்கள் நம் கண்ணில் பட்டும் கருத்தில் படுவதில்லை. இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளின் நிலை வேறு. என் மகன் எழுத்துக் கூட்டக் கற்ற புதிதில் அத்தகைய சுவர் ஒன்றைப் படித்துவிட்டு, “அப்பா, குப்த ரோக் என்றால் என்ன?” என்று பெட்டி முழுதும் கேட்கும்படி கேட்டான். கேள்வி தமிழில் இருந்தும் எதிரே அமர்ந்திருந்த வடநாட்டார் அனைவருக்கும் அந்த இரண்டு சொற்கள் விளங்கிவிட்டன. நான், “பல்வலி” என்று சொன்னேன்.

பெட்டியில் எழுந்த சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். அடுத்த ஆண்டு எங்கள் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கண்ட பின்னர் அதனை நினைத்துச் சிரிக்க முடியவில்லை. அந்நிகழ்ச்சியைப் பையனின் இசைவும் அவன் தந்தையின் இசைவும் பெற்றே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியுள்ளேன்.

பையனுக்கு அப்போது வயது பதினான்கு. தந்தை லோகோ பைலட். அன்று வெளியூர் ஓட்டத்தில் இருந்தார். சனிக்கிழமை விடியற்காலை ஒரு மணியளவில் பையன் வலி தாளாமல் விழித்திருக்கிறான். தாய் கேட்டதற்கு, “வயிற்றுவலி” என்றான். இருமுறை வாந்தியும் எடுத்தான். அந்த அம்மையார் தம் தாய் வீட்டில் செய்வதுபோல் ஓமநீர் காய்ச்சிக் கொடுத்தார். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தார். விடிந்ததும் மோர்ச்சோறு. பையன் உண்ணவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் படுத்தவனே. ஞாயிற்றுக்கிழமை மாலைதான் அந்த அம்மையார் என் வீட்டுக் கதவைத் தட்டி, “தம்பி, பையனுக்கு உடம்பு கொதிக்கிறது, நடக்கச் சொன்னால் காலை அகட்டி அகட்டி வைக்கிறான், எனக்குப் பயமாக இருக்கிறது” என்றார்.

மருத்துவமனையில் பணியிலிருந்த இளைய மருத்துவர் எங்கள் இருவரையும் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார். உள்ளே, “தர்த் கஹான் ஹை, பேட்டா?” என்று அவர் கேட்டதும், அதற்குப் பின் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லாததும் நினைவில் நிற்கின்றன. பிறகு வெளியே வந்து, வலி வயிற்றிலன்று, விரையில் என்றார். அதற்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளக் கொடி முறுக்கிக்கொண்டுவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இரத்த ஓட்டம் அற்றுப்போயிருந்தது. வலி தொடங்கி நாற்பது மணி நேரம் ஆகியிருந்தது. அன்றிரவே அறுவை செய்து, இறந்துபோன அந்த ஒரு விரையை நீக்கினார்கள். மற்றொன்றும் அவ்வாறு முறுக்கிக்கொள்ளாதபடி தைத்து நிறுத்தினார்கள்.

இந்நோயைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் வீடுகளில் நூற்றுக்கு ஒருவரும் இதனை அறியார். விரை முறுக்கு எந்த வயதிலும் வரக்கூடும். ஆயினும் 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே மிகுதி. அடிபட்டும் வரலாம், விளையாடிய பின்னும் வரலாம், ஒரு காரணமுமின்றி உறக்கத்திலும் வரலாம். திடீரென ஒரு பக்கத்தில் கடும் வலி, பின்பு வீக்கம், பலருக்குக் குமட்டலும் வாந்தியும். சிலருக்கு வலி அடிவயிற்றில் இருப்பதுபோலவே தோன்றும். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் உறுப்பைக் காப்பாற்றிவிடலாம். பன்னிரண்டு மணி கடந்தால் நம்பிக்கை வேகமாகக் குறைகிறது. ஒரு முழு நாள் கடந்தபின் அரிது. ஓமநீரும் வெந்நீர்ப் பையும் இங்கே பயன்படா. நாளை காலை வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம் என்று இருக்கலாகாது. நள்ளிரவாயினும் அவசரப் பிரிவுக்கே கொண்டு செல்ல வேண்டும். வலி தானாகவே நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும், ஏனெனில் அவிழ்ந்தது மீண்டும் முறுக்கிக்கொள்ளும். ஒன்றை இழந்தவர்க்கும் மற்றது நலமாக இருப்பின் குரல், மீசை, மணவாழ்வு, மகப்பேறு ஆகியவற்றுக்குப் பொதுவாகக் குறை வாராது. இதனை மருத்துவர் அந்தத் தாயிடம் மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறைதான் அந்த அம்மையார் அழுகையை நிறுத்தினார்.

பையன் ஏன் சொல்லவில்லை? இதுதான் எனக்கு விளங்கவில்லை. வெட்கம் என்று எண்ணினேன். வீடு திரும்பிய பத்தாம் நாள் அவனே சொன்னான். என்னிடம் தமிழில் பேசுபவன் அன்று இந்தியில் சொன்னான். ‘பச்பன் கீ கல்தியான்’ என்று சுவர்களிலும் துண்டுத்தாள்களிலும் போட்டிருக்கிறதே, ‘சிறுவயதுத் தவறுகள்’, அவற்றின் தண்டனையே தனக்கு வந்துவிட்டது என்று அவன் நம்பியிருந்தான். சுயஇன்பம் செய்தவர்க்கு உறுப்பு அழுகும் என்று பள்ளித் தோழன் ஒருவன் கைப்பேசியில் காட்டிய காணொளியும் அதற்குத் துணை. மருத்துவரிடம் போனால் தான் செய்தது வெளிப்பட்டுவிடும், தாய்க்குத் தெரியும், ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். சொல்லிவிடலாம் என்று துணிந்த வேளையிலும் எந்தச் சொல்லால் சொல்வது என்பது தெரியவில்லையாம். அவ்வுறுப்புக்கு அவன் அறிந்த தமிழ்ச் சொல் ஒன்றே. அது தெருவில் வசையாக வழங்குவது. இந்திச் சொல் தாய்க்குத் தெரியாது.

இதனைக் கேட்டபோது எனக்கு என் பதினாறாம் வயது நினைவுக்கு வந்தது. அப்போது எங்கள் ஊரிலும் வார இதழின் கடைசிப் பக்கத்தில் ‘இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குவார்’ என்று விளம்பரம் வரும். ‘சொப்பன ஸ்கலிதம்’ என்ற வடமொழிச் சொற்றொடரை நான் கற்றது அங்கேதான். பள்ளிக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த அறுநூறு ரூபாயைக் கொண்டுபோய் ஒரு லேகியப் புட்டி வாங்கி, பரண்மேல் ஒளித்து வைத்து, இரண்டு மாதம் தின்றேன். எனக்கு எந்த நோயும் இருந்ததில்லை. ஆக, வடநாட்டுச் சுவர்களை மட்டும் குறைகூற எனக்கு உரிமை இல்லை.

அவ்வைத்தியர் எனக்குச் சொன்னதையே இங்குள்ள ஹகீம்களும் சொல்கிறார்கள்: நூறு சொட்டு இரத்தம் சேர்ந்தால் ஒரு சொட்டு விந்து, அது போனால் உயிரே போயிற்று. எழுத்தர் வேலை பார்ப்பவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒருமுறை வெளிப்படுவது ஏறத்தாழ 3 மில்லிலிட்டர் என்று வைப்போம். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. ஆக 60 சொட்டு. நூறால் பெருக்கினால் 6,000 சொட்டு இரத்தம், அதாவது 300 மில்லிலிட்டர். நம் சங்கத்து ஆண்டு விழாவில் இரத்ததான முகாம் நடத்துகிறோமே, அங்கே ஒருவரிடம் 350 மில்லிலிட்டர் எடுக்கிறார்கள். கொடுத்தவர் பிஸ்கோத்தும் தேநீரும் உட்கொண்டு, மாலையில் நாடகத்திலும் நடிக்கிறார். ஹகீமின் கணக்கை அப்படியே ஒப்புக்கொண்டாலும் உயிர் போகாது. ஆனால் அக்கணக்கே பிழை. விந்து இரத்தத்தைக் காய்ச்சி எடுத்த சாறன்று. அதில் உயிரணுக்களின் பங்கு நூற்றில் ஐந்துக்கும் குறைவு; எஞ்சியது விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். பருவம் எய்திய நாள்முதல் விரைகளில் உயிரணுக்கள் நாள்தோறும் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. ஓர் அணு முதிர ஏறத்தாழ இரண்டரைத் திங்கள் ஆகிறது. வெளிப்படாதவற்றை உடல் தானே உறிஞ்சிக்கொள்கிறது. உறக்கத்தில் வெளிப்படுவது நோயன்று, குற்றமுமன்று. சிலருக்கு வாரந்தோறும் நிகழும், சிலருக்கு நிகழவே நிகழாது. சுயஇன்பத்தால் கண் குழிவதும், நினைவாற்றல் அழிவதும், உறுப்பு தேய்வதும் இல்லை. படிப்பையும் உறக்கத்தையும் மறக்கும் அளவுக்கு மனம் அதிலேயே கிடந்தால் அப்போது பெரியவர் ஒருவரிடம் பேசுவது நல்லது, அவ்வளவே.

இந்த அச்சம் நம் நாட்டில் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று: மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் இதற்கென்றே ‘தாத்’ நோய்க்குறி என்று ஒரு பெயர் இட்டார். ‘தாது’ என்னும் சொல்லே அது. விந்து போகிறது என்ற கவலையினாலேயே சோர்வு, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வந்து சேர்கின்றன. மருந்து வேண்டியது அக்கவலைக்குத்தான். அத்தகைய மனக்கலக்கம் உடைய பிள்ளைகளும் பெற்றோரும், அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். பல மொழிகளில் பேசுகிறார்கள். தமிழும் அவற்றுள் ஒன்று.

சுவர் விளம்பரங்களைத் தடுக்கச் சட்டமில்லையோ எனின், உண்டு. மருந்துகள் மற்றும் மந்திர மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் 1954இலேயே இயற்றப்பட்டது. ஆண்மை பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது அதன் 3ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் உண்டு. சட்டத்துக்கு எழுபது வயதாகிவிட்டது. சுவர்களுக்கு ஆண்டுதோறும் புதுச் சுண்ணாம்பு அடிக்கப்படுகிறது.

பள்ளியில் சொல்லித் தரமாட்டார்களா என்று சிலர் நினைக்கலாம். 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் அதன் பாடநூல்களையும் படங்களையும் எதிர்த்துத் தடை செய்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டா என்றே பரிந்துரைத்தது. பின்னர் 2014 சனவரியில் 10 முதல் 19 வயதினர்க்கென ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் நலத்திட்டம் வந்தது. அதன் கீழ் அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தார்க்கெனத் தனி ஆலோசனை மையங்கள் உள்ளன. மாநிலந்தோறும் அவற்றுக்குப் பெயர் வேறு, கேட்டால் காட்டுவார்கள். ஆண்பிள்ளைகளும் அங்கே போகலாம். பாடநூலில் இனப்பெருக்கம் பற்றிய அதிகாரம் இருக்கத்தான் இருக்கிறது. ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிடுவதாக நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். வீட்டில் நாம் பல்வலி என்கிறோம்.

பெண்பிள்ளைகளின் நிலை இதனினும் சற்று மேல் என்பது என் கருத்து. பெண் பெரியவளானால் ஊரிலிருந்து அத்தை வருகிறார். புட்டும் உளுந்தங்களியும் செய்கிறார்கள். எது எப்படியாயினும் அவளுக்கு ஒன்று நிகழ்ந்திருக்கிறது என்று வீடு ஒப்புக்கொள்கிறது. பையனுக்கு அவ்வாறு ஒரு நாள் இல்லை. ஊரில் இருந்தால் மாமனோ, ஒன்றுவிட்ட அண்ணனோ, ஆற்றங்கரையில் அரைகுறையாகவாவது ஏதாவது சொல்லியிருப்பான். இந்த ஊரில் மாமனும் இல்லை, ஆற்றங்கரையும் இல்லை, தந்தைக்கு இரவுப்பணி. எஞ்சியவை சுவரும் கைப்பேசியும். நம் சங்கத்தில் சென்ற ஆண்டு பெண் மருத்துவர் ஒருவர் வந்து மாணவிகளுக்கு மாதவிடாய் பற்றி உரையாற்றினாரே, அன்று ஆண்பிள்ளைகளை என்ன செய்தோம்? கேரம் ஆட அனுப்பினோம். அனுப்பியவர்களுள் நானும் ஒருவன்.

ஆகவே இவ்வாண்டு, அந்தப் பையனின் தந்தையே முன்னின்று, நம் உறுப்பினராகிய மருத்துவர் ஒருவரை ஒரு ஞாயிறு மாலை அழைத்தார். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பையன்கள் வந்தார்கள். தந்தையர் பின்வரிசையில் அமர்ந்தார்கள். பெயர் எழுதாமல் சீட்டில் கேள்வி எழுதி, பழைய முறுக்கு டின் ஒன்றில் போடச் செய்தோம். 28 சீட்டுகள் சேர்ந்தன. பாதிக்கு மேல் இந்தி, சில ஆங்கிலம், தமிழ் எழுத்தில் மூன்றே மூன்று. ஒரு சீட்டில் தமிழ்ச் சொற்கள் நாகரி எழுத்தில் இருந்தன. அதனை மருத்துவர் படிக்கத் திணற, நான் உரக்கப் படித்துத் தர வேண்டியதாயிற்று. ‘ஒன்று மட்டும் கீழே தொங்குகிறது, இது வியாதியா?’ என்பது அது. பெரும்பாலோர்க்கு இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்தே இருக்கும், அது இயல்பு என்றார் மருத்துவர். மண்டபத்தில் எழுந்த பெருமூச்சைக் கொண்டு பார்த்தால், கேட்டவன் ஒருவனாயினும் அறிய விரும்பியவர் பலர்.

மார்பு ஒரு பக்கம் கட்டியாக வீங்கி வலிக்கிறது, நான் பெண்ணாக மாறுகிறேனா என்று ஒருவன். பருவம் எய்தும் பையன்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு அவ்வாறு வரும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடும். குரல் உடைந்ததால் திருப்புகழ் வகுப்பில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று மற்றொருவன். குரல்வளை வளர்கிறது, சில திங்களில் சீராகும் என்றார். (திருப்புகழ் ஆசிரியர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.) அளவு பற்றிய சீட்டுகள் ஐந்து, ஐந்துக்கும் சேர்த்து, கைப்பேசியில் காண்பவற்றை அளவுகோலாகக் கொள்ள வேண்டா என்று ஒரே விடை. அக்கா மூன்று நாள் ஏன் தனியே இருக்கிறாள், அவளைத் தொட்டால் தீட்டா என்ற கேள்வி வந்தபோது, கருப்பையின் உட்படலம் திங்கள்தோறும் உதிர்வதை அவர் கரும்பலகையில் படம் போட்டே காட்டினார். அது அழுக்கு இரத்தமுமன்று, தொட்டால் ஒட்டுவதுமன்று.

ஆணுறை பற்றிய சீட்டைப் படித்தவுடன் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, மணமாகாத பிள்ளைகளுக்கு இது எதற்கு என்றார். அவர் என் மேலதிகாரி, ஆயினும் எழுதுகிறேன். பெட்டியில் தீயணைப்பான் மாட்டியிருக்கும் இடத்தைக் காட்டுவது தீ வைக்கச் சொல்வதாகுமா என்று மருத்துவர் அவரையே கேட்டார். ஆணுறை கருவுறுதலைத் தடுப்பதோடு, எச்.ஐ.வி. முதலிய தொற்றுகளுக்கும் காப்பாகும். சொல்லிக்கொடுத்தால் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சமும் ஆராயப்பட்ட ஒன்றுதான். யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி நூல், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இக்கல்வி பிள்ளைகளை விரைந்து உடலுறவில் இறங்கச் செய்வதில்லை என்றே கூறுகிறது.

ஒரு சீட்டை மட்டும் அவர் உரக்கப் படிக்கவில்லை. இருமுறை தமக்குள் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இதனை மட்டும் சொன்னார்: 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிறையாத அனைவர்க்கும் உரியது, பையன்களுக்கும் உரியது, உன் விருப்பமின்றியோ உன்னை ஏய்த்தோ பெரியவர் ஒருவர் உன் உடலைத் தொட்டால் குற்றம் அவருடையது, உன்னுடையதன்று, 1098 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், நான் இன்றிரவு ஒன்பது மணி வரை நூலக அறையில்தான் இருப்பேன். கூட்டம் கலைந்த பின் பெரியவர்கள் எவரும் அப்பக்கம் போகாதபடி அந்தத் தந்தை படிக்கட்டில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார்.

என் மகனிடம் பல்வலி என்று சொன்னது பொய் என்பதை அன்றிரவே ஒப்புக்கொண்டேன். இரண்டாம் வகுப்புக்கு ஏற்ற அளவில், உடம்பில் மூடி வைத்திருக்கும் இடங்களில் வரும் நோய் என்று சொன்னேன். அவ்விடங்களின் பெயர்களையும், விரை முதலாக, நல்ல தமிழில் சொல்லி வைத்தேன். “அங்கே வலித்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?” என்று கேட்டான். “அம்மாவிடமோ என்னிடமோ, இரவானாலும் எழுப்பிச் சொல்” என்றேன். “அம்மாவுக்கு இந்தச் சொல் தெரியுமா?” என்றான். அடுக்களையிலிருந்து, “தெரியும், தெரியும்” என்று குரல் வந்தது.

முறுக்கு டின் இப்போது நூலகத்தில் செய்தித்தாள் மேசைக்கு அருகே பூட்டுடன் வைக்கப்பட்டிருக்கிறது. சாவி மருத்துவரிடம் மட்டுமே உண்டு. எந்த மொழியிலும், எந்த எழுத்திலும் எழுதிப் போடலாம். அடுத்த திங்கள் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவர் விடை கூறுவார். பையன்கள் நூலகம் வரும் மாலை நேரத்தில் பெற்றோர் அம்மேசையருகே அமர்ந்து செய்தித்தாள் படிப்பதைச் சில நாட்களுக்குத் தவிர்க்குமாறு வேண்டப்படுகிறார்கள்.